மூடுபனியில் மறைந்த குதிரைகள்

இங்கிலாந்தில் கீத்லி என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஹெட்லி கார்சைட்டுக்குப் பழைய சிறுவர் வாரத்தாள்கள் என்றால் உயிர். முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னும் வாராவாரம் வந்து, விடுதிப் பள்ளி, கடற்கொள்ளை, துப்பறிதல் என்று பையன்களைக் கட்டிப்போட்ட தாள்கள். மற்றவர்கள் கதைக்காகச் சேர்த்தார்கள். ஹெட்லி சேர்த்தது அட்டைப்படங்களுக்காக. அவற்றை வரைந்தது யாரென்று தாளில் எங்குமே இருக்காது. ஓவியன் ஆசைப்பட்டு ஓரத்தில் பெயர் எழுதினாலும் அச்சுக்குப் போகுமுன் அதை அழித்துவிடுவார்கள். ஹெட்லிக்கு அது பொறுக்கவில்லை. ஊர் பேர் தெரியாத அந்த ஆட்களில் சிலரையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

நாள் முழுக்கத் தலைகளைப் பார்க்கிறவர் ஆதலால், படத்திலும் அவர் கண் முதலில் காதுக்குத்தான் போகும். 'ஸ்டால்வார்ட்' என்ற தாளில் ஒருவன் வரைந்த காதுகள் அசல் காதுகள். மடல் கன்னத்தோடு ஒட்டி, நுனி கொஞ்சம் விறைத்து நிற்கும். பெயர் தெரியாததால் அவனைக் 'காதுக்காரன்' என்றே ஹெட்லி அழைத்தார்.

இதே பித்துப் பிடித்த நாலைந்து பேர் மாதம் ஒரு ஞாயிறு, ரொட்டிக்கடையிலிருந்து ஓய்வு பெற்ற வில்ஃப் வீட்டு முன்னறையில் கூடுவார்கள்.

"உன் காதுக்காரன் செத்து அம்பது வருஷம் ஆயிருக்கும்ப்பா. இனி நீ கூப்பிட்டாலும் அவன் காதுல விழாது" என்பார் வில்ஃப்.

"செத்தவனுக்கும் பேருன்னு ஒண்ணு இருந்திருக்குமில்ல?" என்பார் ஹெட்லி.

1974ஆம் வருஷம் அந்தக் குழுவின் சிறு பத்திரிகையில் ஹெட்லி காதுக்காரனைப் பற்றி ஒரு விசாரிப்புப் போட்டார். மோர்கம் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய பெரியப்பா லயனல் பார்ஜிட்டர் அந்தக் காலத்தில் 'ஸ்டால்வார்ட்'டுக்குப் படம் போட்டவராம். எண்பத்தாறு வயது, கடலோரத்து முதியோர் விடுதியில் இருக்கிறாராம்.

ஹெட்லிக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த ஞாயிறே மனைவி மேவிஸையும் ஒரு பெட்டி நிறையத் தாள்களையும் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

லயனல் கழுத்தில் டை கட்டி, ஷூ பளபளக்க ஜன்னலோரம் காத்திருந்தார். தலைமுடி மட்டும் காடாக வளர்ந்து கிடந்தது. ஹெட்லி முதல் தாளை எடுத்து நீட்டினார்.

"இது நீங்க போட்டதுங்களா?"

"என்னோடதுதான் தம்பி."

"இது?"

"அதுவும் என்னோடதுதான்."

எதைக் காட்டினாலும் அதே பதில். ஹெட்லிக்கு மெல்லச் சந்தேகம் தட்டியது. பெட்டியின் அடியிலிருந்து மிகப் பழைய தாள் ஒன்றை உருவிக் காட்டினார். அது வந்தபோது லயனலுக்கு ஏழு வயதுகூட இருக்காது.

"ஆகா, இதுக்கு ரொம்பப் பாடுபட்டேன்" என்றார் லயனல்.

ஹெட்லியின் முகம் தொங்கிவிட்டது. மேவிஸ் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "அதையெல்லாம் எடுத்து வை. மனுஷன் தலையைப் பாரு, புதர் மாதிரி இருக்கு. கத்தரி பையிலதானே கெடக்கு? வந்ததுக்கு உருப்படியா ஒரு வேலையாவது செய்."

விடுதிப் பெண்ணிடம் ஒரு துண்டு வாங்கி லயனலின் கழுத்தில் சுற்றினார் ஹெட்லி. கத்தரி ஓடத் தொடங்கியதும் பழக்கதோஷத்தில் வாயும் ஓடியது. காற்று, கடல், இறால் விலை என்று பேச்சு போய், வேலையில் வந்து நின்றது. கத்தரிச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்த மனிதன் கண்ணை மூடிக்கொண்டு பேசினான் என்றால் மனசில் இருப்பது தானே வெளியே வரும்.

"அந்தத் தாளோட ஆசிரியன் எதுக்கெடுத்தாலும் குதிரைதான் கேப்பான்" என்றார் லயனல். "எனக்குக் குதிரை வராது தம்பி. நாலு கால் போட்டா, அஞ்சாவதா ஒண்ணு எங்கேருந்தோ வந்து நிக்கும்."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"பனி போட்டுடுவேன். நம்ம நாட்டுல பனிக்கா பஞ்சம்? குதிரை வயித்துக்குக் கீழே எல்லாம் மூடுபனி. பனி அலுத்துப்போனா வேலி. வேலியும் அலுத்துப்போனா வைக்கோல் வண்டி."

கத்தரி நின்றது. பனிக்குள் பாதி முங்கிய குதிரைகள் வரும் அட்டைகள் ஹெட்லியின் அலமாரியில் ஒரு கட்டே இருந்தன. வரைந்தவன் சோம்பேறி என்று வில்ஃப் அவற்றைக் கேலி செய்வது வழக்கம். ஹெட்லியும் அவற்றை ஒரு முறைக்கு மேல் பார்த்ததில்லை. காதுக்காரனுடைய குதிரைகளோ நான்கு கால் பாய்ச்சலில் தாளைக் கிழித்துக்கொண்டு வரும். இவர் அவனில்லை.

"நல்லாக் குதிரை வரைஞ்ச ஒருத்தர் அதே தாள்ல இருந்தாரே, அவர் யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நானே போய்க் கத்துக்கிட்டிருப்பேனே. யாரு எங்களைச் சேத்து வெச்சாங்க? படத்தைச் சுருட்டித் தபால்ல போடுவேன். அதோட சரி."

"பின்னே எல்லாமே உங்களோடதுன்னு ஏன் சொன்னீங்கய்யா?"

லயனல் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீ அவ்வளவு தூரத்துலேருந்து வந்து கேக்கிறே. இல்லைன்னு சொல்ல மனசு வரல தம்பி."

ஹெட்லி அவர் தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டுப் பின்கழுத்தைச் சரிசெய்தார்.

திரும்பும் ரயிலில் அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். லாங்காஸ்டர் தாண்டியதும் மேவிஸ்தான் ஆரம்பித்தாள்.

"தேடிப் போனவர் கெடைக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே. கெடைச்சவருக்கு என்ன குறைச்சல்?"

"குதிரைக்குக் கால் இல்ல" என்றார் ஹெட்லி. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனி அட்டைகளைத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்க, அந்தப் பனி சோம்பேறித்தனமாகத் தெரியவில்லை. குளிரும் ஈரமும் அதில் இருந்தன. தூரத்து விளக்கு ஒன்று அதற்குள் கரைந்து நின்றது. மோர்கமுக்கு மறுபடி போனபோது எல்லாவற்றையும் கலந்தே காட்டினார். இந்த முறை லயனல் நிதானமாகப் பிரித்தார். "இது என்னோடது. இது இல்ல. இதுவும் இல்ல, ஆனா என்னோடதா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

குழுவின் பத்திரிகையில் ஹெட்லி லயனலைப் பற்றி, பெயர் சொல்லி, கட்டுரை எழுதினார். "பனிக்கெல்லாம் ஒரு பேரா?" என்று வில்ஃப் முணுமுணுத்தார். மறு கூட்டத்துக்கு அவரே, ஹெட்லி தவறவிட்ட பனி அட்டைகள் சிலவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

காதுக்காரன் கடைசிவரை அகப்படவில்லை. ஹெட்லிக்கு அந்தக் குறை இருந்தது. இல்லையென்று அவர் சொன்னதும் இல்லை. ஆனால் அடிக்கடி மோர்கமுக்குப் போய் லயனலின் முடியை வெட்டிவிட்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து லயனல் இறந்தார். உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தியில் பெயருக்குப் பக்கத்தில் 'ஓவியர்' என்று போட்டிருந்தார்கள். யார் சொல்லி அப்படிப் போட்டார்கள் என்று ஹெட்லிக்குப் புரியவில்லை.

"நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்" என்றாள் மேவிஸ், உருளைக்கிழங்கு உரித்தபடியே. "நீ எழுதினா ரெண்டு பக்கம் எழுதுவே. அவங்க போடமாட்டாங்க."