சுத்தப் பிரதி

நீதியரசர் கடைசியாக மேடையேறிப் பேசிய அன்று மண்டபத்தில் பெரியவர்கள் நாற்பத்து மூன்று பேர் இருந்தோம். பிள்ளைகளையும் சேர்த்தால் எழுபத்தொன்று. பிராங்பேர்ட்டுக்கு வெளியே நாங்கள் இருக்கும் ஊரில், தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழா அது. ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார்.

நான் அவரிடம் பதினொரு ஆண்டுகள் சுருக்கெழுத்தாளராக இருந்தவன். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் அதற்கு மேல் வேறு மன்றம் இல்லை. அங்கே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதித் தட்டச்சு செய்த தீர்ப்புகள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் மற்ற நீதிபதிகளோடு உடன்படாமல் தனித்து எழுதியவை பத்தொன்பது. ரயில் நிலைய அதிபர் ஒருவரின் மகன் அவர். தம் தகப்பன் ரயில்களை அனுப்பிய ஒழுங்கில்தான் வழக்குகளை அழைப்பார். ஒன்பதரை மணி என்றால் ஒன்பதரை. சட்ட மாணவர்களுக்குப் பேசினாலும் பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் பேசினாலும் கையில் தாள் இருக்காது. மூன்று விஷயம், ஒரு குவளை தண்ணீர், அவ்வளவுதான்.

மனைவி இறந்த பிறகு ஜெர்மனியில் மருத்துவராக இருக்கும் மகளிடம் வந்து சேர்ந்தார். நான் அதற்கு நான்கு வருடம் முன்பே மகனிடம் வந்திருந்தேன். இரண்டு வீட்டுக்கும் இடையே மூன்று ரயில் நிறுத்தங்கள். தகப்பனின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அவருடைய வாழ்வையும் உரைகளையும் ஒரு புத்தகமாகப் போட வேண்டும் என்று மகள் கேட்டாள். ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் நான் அங்கே போய்வரத் தொடங்கினேன். முப்பத்தொரு உரைகள் தேறின.

"நீர் என்ரை மூச்சையும் எண்ணி வைச்சிருப்பீர்," என்றார் ஒருநாள்.

"இல்லை சேர். இருமலை மட்டும் எண்ணினனான்," என்றேன். அன்று பதினேழு முறை இருமியிருந்தார்.

பரிசளிப்பு விழாவில் முதலில் பிள்ளைகளைப் பாராட்டினார். தாய்மொழியைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது விஷயத்துக்கு வந்தபோது குரல் தணிந்தது. "ஒரு வழக்கில் நான் பிழை விட்டனான்," என்றார். "ஒரு பொடியன், தனக்குத் தெரியாத பாஷையில எழுதின வாக்குமூலத்துக்குக் கீழ கையெழுத்து வைச்சிருந்தான். கையெழுத்து இருக்குத்தானே எண்டு நான் சிறையை உறுதிப்படுத்தினன். அவன்ரை பாஷையில அவனை ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை." எந்த வழக்கு, எந்த ஆண்டு, யார் என்று அவர் சொல்லவில்லை. நிகழ்ச்சியை நடத்தியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நடன உடுப்பில் நின்ற பிள்ளைகளின் சலங்கைச் சத்தம் வேறு. பாதிப் பேருக்கு அவர் சொன்னது கேட்டிருக்காது.

சமையலறையில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். அதுவரை முகப்பழக்கம் மட்டும்தான்.

"ஐயா, அவர் சொன்னது என்ரை தம்பியை," என்றாள்.

"எப்படித் தெரியும், பிள்ளை? அப்படி எத்தனையோ வழக்கு."

"தீர்ப்புக் கடதாசி என்னட்டை இருக்கு. அவரின்ரை பேர்தான் அதிலை. பதினாலு பக்கம்."

அடுத்த நாள் கொண்டு வந்து காட்டினாள். பதினான்கு பக்கங்களும் நான் தட்டச்சு செய்தவை. முதல் பக்கத்தின் மூலையில் என் பெயரின் இரண்டு எழுத்துகள் இருந்தன. அதைத் தட்டச்சு செய்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றியதாக நினைவில்லை.

கைதாகும்போது தம்பிக்கு இருபத்திரண்டு வயது. பதினாறு ஆண்டுகள் உள்ளே இருந்தான். வெளியே வந்த பிறகும் விசாரணை என்று வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எப்படியோ அக்காவிடம் வந்து தஞ்சம் கேட்டிருந்தான். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அவனுடைய நாட்டின் ஆக மேலான நீதிமன்றமே அந்த வாக்குமூலம் அவன் விரும்பிக் கொடுத்தது என்று உறுதி செய்திருக்கிறது என்பது மறுப்புக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்த காரணம். அவள் அதற்கு எதிராக நீதிமன்றம் போயிருந்தாள். விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. தீர்ப்பு எழுதியவரே அது பிழை என்று வழக்கின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும் என்று வக்கீல் சொன்னாராம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பை நீதியரசர் முன்னால் வைத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நாற்பது நிமிடம் வாசித்தார்.

"இதுதான்," என்றார். "எழுதுவம். கொப்பியை எடும்."

மகளுக்கு அது பிடிக்கவில்லை. தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றாள்.

"அப்பா, இத்தனை வருசமாச் சேர்த்த பேர். புத்தகம் வரேக்கை சனம் இதைத்தான் கதைக்கும்."

"கதைக்கட்டும். அந்தப் பொடியனைப் பற்றியும் ஒருக்காக் கதைக்கட்டும்."

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்கோ."

நான் பென்சிலைச் சீவினேன்.

நான்கு செவ்வாய்கள் எடுத்தன. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், பதினொரு பந்திகள். நான்காவது செவ்வாய் வரைவை வாசித்துக்கொண்டு வந்தவர் முதல் பக்கத்திலேயே நின்றார். வழக்கு இலக்கத்தில் கடைசி இரண்டு எண்களையும் நான் இடம் மாற்றி அடித்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு தீர்ப்புகளில் அப்படி ஒரு பிழை நான் விட்டதில்லை. அவர் நீலப் பேனாவால் வெட்டி, மேலே சரியான எண்களை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

"சரி, தாரும். கையெழுத்தைப் போட்டு விடுறன்."

"வேண்டாம் சேர். வெட்டுப்பட்ட தாளிலை நீங்கள் ஒருநாளும் போட்டதில்லை. வியாழக்கிழமை சுத்தப் பிரதி கொண்டு வாறன்."

"திருத்தினதுக்குப் பக்கத்திலை ஒப்பம் வைச்சிருக்கிறன் தானே, ஐசே. சட்டப்படி அது காணும்."

"இது வெளிநாட்டு நீதிமன்றத்துக்குப் போறது, சேர். வடிவாப் போகட்டும்."

அவர் பேனாவை மூடினார். "நீர் மாறவே மாட்டீர்," என்றார். கோபத்தில் அல்ல. தாள் விஷயத்தில் எப்போதும் என் சொல்லைத்தான் கேட்பார்.

அன்று மாலை ஐந்தரைக்குள் சுத்தப் பிரதியை எடுத்துவிட்டேன். வரைவோடு மூன்று தடவை ஒப்பிட்டேன். பிறகு வரைவை எட்டுத் துண்டாகக் கிழித்தேன். அலுவலகத்தில் எங்களுக்கு அதுதான் ஒழுங்கு. சுத்தப் பிரதி வந்த பின் வரைவு இருக்கக் கூடாது. தீர்ப்பு சொல்லும் முன் ஒரு துண்டு வெளியே போனாலும் வேலை போய்விடும். பதினொரு ஆண்டுகள் கிழித்த கை. அது இங்கேயும் கிழித்தது. துண்டுகளைக் கீழே காகிதத் தொட்டியில் போட்டேன். அந்தத் தொட்டியை நான்கு கிழமைக்கு ஒருமுறை, மாதத்தில் ஒருநாள்தான் எடுப்பார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்தார்கள்.

அதே காலை ஒன்பது மணியளவில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். குளியலறையில் விழுந்துகிடந்தாராம். மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று.

வியாழக்கிழமை சுத்தப் பிரதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குக் கொண்டு போனேன் என்று தெரியவில்லை. கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தேன், அதனால் கொண்டு போனேன். அவருடைய கட்டிலைச் சுற்றி ஐந்து குழாய்கள்.

ஏழு கிழமைக்குப் பிறகு ஒரு சொல் திரும்பியது. "ஓம்." அந்த ஒரு சொல்தான். பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிய பிறகு வக்கீலின் ஏற்பாட்டில் ஒரு நொட்டார் வந்தார். கையெழுத்துகளைச் சாட்சிப்படுத்தும் சட்ட அலுவலர். இடது கையால் ஒரு கீறு போட்டாலும் போதும், ஆனால் என்ன செய்கிறோம் என்று அவருக்கு விளங்க வேண்டும் என்றார். மகள் வேண்டாம் என்று தடுக்கவில்லை. சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நொட்டாரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ஐயா, இது உங்கடை பேர்தானே?"

"ஓம்."

"இந்தக் கடிதம் நீங்கள் சொல்லி எழுதினதோ?"

"ஓம்."

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். நொட்டார் ஒரு நிமிடம் பொறுத்து இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார்.

"ஐயா, நாங்கள் இப்ப கொழும்பிலையோ இருக்கிறம்?"

"ஓம்."

"உங்களுக்கு இருபது வயசோ?"

"ஓம்."

நொட்டார் கோப்பை மூடினார். என்னிடம் கைகொடுத்து, வருந்துகிறேன் என்றார். மகள் தகப்பனின் வாயோரத்தைத் துடைத்தாள். "நான் முதலே சொன்னனான், அங்கிள்," என்றாள். அவள் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை.

விசாரணை நாளில் சாட்சி சொல்லப் போனேன். ஜெர்மன் நீதிமன்றத்துக்குள் அதுவரை நான் காலடி வைத்ததில்லை. சுருக்கெழுத்தாளரைத் தேடினேன். அப்படி ஒருவர் இல்லை. நீதிபதி என் மகனின் வயதுப் பெண். சாட்சி பேசி முடிய, அதைச் சுருக்கித் தானே ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவிக்குள் சொல்கிறார். நான் இருபத்தாறு நிமிடம் பேசினேன். அவர் சொன்னது நான்கு வாக்கியங்கள். மொழிபெயர்ப்பாளர் அவற்றை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். நான்கிலும் பிழை இல்லை.

"அந்தச் செவ்வாய்க்கிழமையே ஏன் கையெழுத்து வாங்கவில்லை?" என்று நீதிபதி கேட்டார்.

"ஒரு திருத்தம் இருந்தது."

"என்ன திருத்தம்?"

"வழக்கு இலக்கத்தில் இரண்டு எண்கள்."

"திருத்தியது யார்?"

"நீதியரசர். தம் கையாலேயே. பக்கத்தில் ஒப்பமும் வைத்தார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தம்பி தரப்பு வக்கீலும் திரும்பினார். இதை நான் வக்கீலிடம் சொல்லியிருக்கவில்லை. வரைவு என்பது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. அதைப் பற்றி யாரிடமும் பேசுகிற வழக்கமும் எங்களுக்கு இல்லை.

"அந்தத் தாள் எங்கே?" என்று நீதிபதி கேட்டார். "நீதியரசரின் கையெழுத்துள்ள தாள்."

கிழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்றார். சுத்தப் பிரதி எடுத்த பிறகு கிழிப்பதுதான் முறை என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நீதிபதி கருவியை எடுத்து ஐந்தாவது வாக்கியத்தைச் சொன்னார்.

வெளியே நடைபாதை வாங்கில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு இப்போது நாற்பத்தொன்று. முன்பற்கள் மூன்று இல்லை. அவ்வளவு காலமும் என்னோடு பத்துச் சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

"ஐயா, அந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

"அதிலை கையெழுத்து இல்லை, தம்பி."

"தெரியும். என்ன சொல்லியிருக்கிறார் எண்டு ஒருத்தரும் எனக்கு முழுக்கச் சொல்லேல்லை."

ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பதினொரு பந்திகளையும் வாசித்தேன். ஏழாவது பந்தியில் அவனுடைய பெயர் வரும். அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். "இதை அண்டைக்கு அந்தக் கோர்ட்டிலை சொல்லியிருந்தால்," என்று தொடங்கி நிறுத்திவிட்டான். அவனைக் கூண்டில் நிறுத்தித் தீர்ப்பை வாசித்த அன்று அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நான் இன்னொரு தீர்ப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்திருப்பேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. அக்காதான் எழும்பி, "வாங்கோ ஐயா, கோப்பி குடிப்பம், காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டியள்," என்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. பத்தொன்பது பக்கம். வழக்குத் தள்ளுபடி. சாட்சி பொய் சொல்வதாக மன்றம் கருதவில்லை, ஆனால் கையெழுத்தில்லாத, சாட்சி தாமே தயாரித்த ஒரு தாளுக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பை அசைக்கும் எடை இல்லை என்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. கொழும்பில் எங்கள் மன்றமும் அப்படித்தான் எழுதியிருக்கும். நான்தான் தட்டச்சு செய்திருப்பேன். மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்க ஒரு மாதத் தவணை. பெரிதாக நம்ப வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

புத்தகத்தின் அச்சுப்படிகளை மகள் அனுப்பியிருக்கிறாள். முப்பத்தொரு உரைகளும் இருக்கின்றன. பரிசளிப்பு விழா உரை இல்லை. ஒலிப்பதிவு இல்லாததை எப்படி அங்கிள் போடுவது என்று கேட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான். சரியான சொற்கள் என்னிடமும் இல்லை. அன்று நான் கொப்பி கொண்டு போகவில்லை.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை. இல்லத்துக்குப் போனேன். அவரை யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருத்தியிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"சேர், வழக்குத் தள்ளுபடியாப் போச்சுது."

"ஓம்," என்றார்.

"அண்டைக்கே நான் உங்களிட்டைக் கையெழுத்து வாங்கியிருக்க வேணும்."

"ஓம்."

கண்ணில் நீர் வழிந்தது. இந்த நோய்க்காரருக்குக் காரணமில்லாமலும் கண்ணீர் வரும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். காரணத்தோடும் வருமா என்று நான் அவளைக் கேட்டதில்லை. இடது கை என் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்திருந்தது. விளங்குகிறதா சேர் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல், பிடித்த கையை எடுக்காமல், மூன்று மணிக்குத் தாதி கோப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வரை இருந்தேன்.