இறக்கைக்குள் விழுந்த திருகாணி

எங்கள் விமானத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ஊசிக்கண் அக்கா என்றுதான் சொல்வோம். பத்தொன்பது வருடங்களாக இறக்கைப் பிரிவில் தரப் பரிசோதகர். மயிரிழைக் கீறலும் அவர் பார்வைக்குத் தப்பாது. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கோபப்படமாட்டார். “கண்ணு நல்லா இருக்குன்னுதானே சொல்றீங்க, சொல்லிட்டுப் போங்க” என்பார்.

ஐம்பதைத் தாண்டியதும் அந்தக் கண்களுக்கும் மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

விமானத்தின் எரிபொருள் தொட்டி இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. ஓரங்களில் பூசிய பசை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, முட்டை வடிவத் திறப்பு ஒன்றின் வழியாக உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். உடையில் பித்தான்கூட இருக்கக்கூடாது. டார்ச், பேனா, கண்ணாடி என்று கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் போகலாம். திரும்பி வந்ததும் எண்ணிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு துரும்பு தங்கினாலும் அது எரிபொருளோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

அன்று காலை அக்கா வெளியே வந்தபோது எண்ணிக்கை சரியாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார். ஒரு பக்கத்துக் காம்பு மட்டும் தனியாகக் கையோடு வந்தது. அதைப் பிடித்திருந்த கடுகளவு திருகாணியைக் காணோம்.

ஆவணப் பிரிவிலிருந்து கையெழுத்து வாங்கப் போன நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா தரையைப் பார்த்தார். உடையை உதறினார். பிறகு சிவப்பு அட்டையை எடுத்து இறக்கையில் மாட்டிவிட்டார். அது தொங்கினால் வேலை நின்றது என்று அர்த்தம்.

மேலாளர் ஓடி வந்தார். மறுநாள் வெளியே போக வேண்டிய இறக்கை அது.

“என்னக்கா இது? உள்ளதான் விழுந்துச்சுன்னு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்ல சார். வெளிய விழுந்துச்சுன்னும் நிச்சயம் இல்லையே.”

“பஸ்ல விழுந்திருக்கலாம்ல?”

“உள்ள போறப்போ கண்ணாடி மூக்குல கெட்டியா உக்காந்திருந்துச்சு. பஸ்லயே விழுந்திருந்தா இவ்வளவு தூரம் தடவித் தடவில்ல வந்திருக்கணும்.”

“ஒரு கடுகளவு சமாச்சாரம்க்கா!”

“அதான் சார் பயமா இருக்கு. பெருசா இருந்தா தானா கண்ணுல பட்டுரும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

இறக்கையின் பதினான்கு திறப்புகளையும் திறந்து ஆறு பேர் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவும் போயிற்று. கேன்டீனில் அக்கா தட்டோடு வந்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் அவசரமாகக் கை கழுவப் போனார்கள்.

வீட்டில் நடந்ததை அக்காவே பிறகு சொன்னார். அவர் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர்.

“ஒரு திருகாணிக்காக ஏரோப்ளேனையே பிரிச்சுட்டியாமே?” என்று கேட்டிருக்கிறார்.

அக்கா முறைத்தார்.

“அட, நானும்தான் பசங்க எறங்கினதும் கடைசி சீட் வரைக்கும் குனிஞ்சு பார்த்துட்டு வண்டியப் பூட்டுறேன். என்னை யாரும் திட்டலையே” என்று சொல்லிவிட்டு, அலமாரியைக் கிளறி அக்காவின் பழைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாராம். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்றார் அக்கா.

மூன்றாம் நாள் திருகாணி கிடைத்தது. ஒரு மூலையில், காயாத பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டியவரின் விரல், பக்கத்தில் எரிபொருள் குழாயைப் பிடித்திருந்த ஒரு நட்டின் மேல் பட்டது. நட்டு சுழன்றது.

கையால் மட்டும் முடுக்கிய நட்டு பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். கருவி வைத்து இறுக்காவிட்டால், விமானம் அதிர அதிரக் கழன்றுவிடும்.

அந்த இணைப்புக்கான தாளை நான்தான் தேடி எடுத்தேன். ‘முடுக்கியவர்’, ‘சரிபார்த்தவர்’ இரண்டு கட்டத்திலும் ஒரே முத்திரை. சீட்டி என்று நாங்கள் கூப்பிடும் ஃபிட்டருடையது. எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்கிற மனிதர். அவர்மேல் தப்பு சொல்லவும் முடியாது. ‘சிறிய இணைப்புகளைச் செய்தவரே சரிபார்த்துக்கொள்ளலாம்’ என்று மூன்று மாதத்துக்கு முன்பு நிர்வாகமே சுற்றறிக்கை விட்டிருந்தது. இது வேண்டாம் என்று அக்கா கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஆள் பத்தாது என்று உட்காரவைத்தார்கள். சுற்றறிக்கையை டைப் அடித்தவன் நான்.

அந்த மூன்று மாதத்தில் முடிந்த ஒன்பது இறக்கைகளையும் திறந்தார்கள். நான்கில் இறுக்காத நட்டுகள் இருந்தன. நல்லவேளை, ஒன்றுகூட இன்னும் பறக்கவில்லை.

விசாரணையில் சீட்டியை வேலையைவிட்டு அனுப்பப் பேச்சு எழுந்தது. சாட்சி சொல்ல வந்த அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரே ஆள்கிட்ட ஒரு ஷிப்ட்டுக்கு நாப்பது நட்டு குடுக்குறீங்க. சரிபார்க்கிறதையும் அவரையே பண்ணச் சொல்றீங்க. மறந்ததை அவரே எப்படி சார் கண்டுபிடிப்பாரு? அதான் மறந்துபோச்சே!”

சீட்டியின் வேலை தப்பியது. சுற்றறிக்கை ரத்தானது, அந்த உத்தரவையும் நான்தான் டைப் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். சரிபார்க்கப் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்கு அக்காதான் பொறுப்பு.

இப்போதெல்லாம் அவர் அறைக்குத் தானாகவே ஆட்கள் வருகிறார்கள். “அக்கா, இந்தத் துளை கொஞ்சம் பெருசாப் போச்சு, என் கைத்தவறுதான்” என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. போன வாரம் ஒரு ஃபிட்டர் பேனா மூடியைத் தொலைத்துவிட்டேன் என்று வந்து நின்றார். இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் அவர் தொப்பி மடிப்பிலேயே இருந்தது. அவர் அசடு வழிந்தார். மேலாளர் திட்டப் போகிறார் என்று பார்த்தால், கேன்டீனுக்கு போன் போட்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.