ஆடி கழிந்து போட்ட மனு

கிணற்று வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நாங்கள் தோற்றது ஒரு சித்திரையில். ஒக்கூரில் எங்கள் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடுவே இருந்த கிணறு அது. அதில் பாதி எங்களுடையது என்றார் அப்பா. கிடையவே கிடையாது என்று வாதாடி வென்றுவிட்டார் பெரியப்பா மகன். அந்தத் தண்ணீர் போனால் எங்கள் மூன்று ஏக்கரும் தரிசுதான்.

"டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்கே போவோம்" என்றார் அப்பா. காரைக்குடி வக்கீல் பொறுமையாக விளக்கினார். "அங்க சாட்சியெல்லாம் மறுபடி கூப்பிட மாட்டாக அண்ணே. இந்த வழக்கக் கேக்கலாமா வேணாமான்னுதான் முதல்ல பாப்பாக. கேக்கலாம்னு சொன்னாத்தான் அப்பீலே ஆரம்பிக்கும்." நாள்களை எண்ணிப் பார்த்து, ஆடி இருபதுக்குள் மனு போட்டாக வேண்டும் என்றார்.

வக்காலத்துத் தாள் வந்தபோது ஆடி பிறந்திருந்தது. அப்பா கையெழுத்துப் போடவில்லை. ஆடியில் எங்கள் வீட்டில் புது மண்வெட்டிகூட வாங்க மாட்டார்கள். தாள் சாமி படத்துக்கு முன்னால் கிடந்தது. பி.ஏ. படித்த மகள் நானாவது சண்டை போட்டிருக்க வேண்டும். வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயந்து சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையெழுத்தானது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு போட வேண்டும், அதில் காரணமும் வேண்டும். காய்ச்சல் என்று டாக்டர் சீட்டு வாங்கிவிடலாம் என்றார்.

"நோவுன்னு பொய் எழுதாதீக. ஆடின்னே போடுங்க" என்றார் அப்பா.

அப்படியே போட்டார்கள். மனுவோடு வைக்க வேண்டிய பாகப் பத்திரத்தை நான்தான் உட்கார்ந்து இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். அதன்பிறகு அப்பாவுக்கு ஒரே கவலை, தாமதத்தைச் சொல்லியே மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான்.

தை மாதம் உத்தரவு வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை. "வாசி ஆத்தா" என்று அப்பா என்னிடம் நீட்டினார். தாமதம் மன்னிக்கப்படுகிறது என்று முதல் வரியைத் தமிழில் சொன்னேன். அப்பா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "பாத்தியா, நெசத்தச் சொன்னோம், மன்னிச்சுட்டாக." அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த வரியை மனசுக்குள் இரண்டு முறை வாசித்தேன்.

"மனு தள்ளுபடிப்பா" என்றேன் கடைசியில்.

ஏன் என்று கேட்டார். காரணம் எழுதவில்லை என்றேன். அந்தக் கட்டத்தில் காரணம் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமில்லையாம், வக்கீல் பிறகு சொன்னார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வா, கெணத்துல இருக்க நம்ம மோட்டாரக் கழட்டணும், ஒரு பக்கம் புடி. ஒங்க பெரியப்பா வீட்டு ஆளுக வந்து கழட்டிப் போட்டா நல்லாருக்காது."