மிஸ் சொன்ன பொய்

மூத்தவன் வயிற்றில் இருந்த நேரம் நடந்தது இது. கணவர் கட்டாரில் வேலை. நான் பழுகாமத்தில் மாமியோடு இருந்தேன். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எடுப்பதுபோல எனக்கும் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்து எங்கள் பகுதி மிட்வைஃப் வீட்டுக்கு வந்தா. நாங்கள் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். அவ எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக காலமில்லை. மாமி அடுப்படிக்குள் போகும்வரை பொறுத்திருந்து, என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனா.

“பயப்பிடாத புள்ள. எச்.ஐ.வி. பார்க்கிற முதல் டெஸ்டில ஒரு சந்தேகம். அது சில நேரம் பிழையாயும் காட்டும். மட்டக்களப்புக்குப் போய் இன்னொருக்கா ரத்தம் குடுத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம். நானும் வாறன்.”

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்கும் வந்திருக்குமோ? நான் கணவரைச் சந்தேகப்படுவதா, அவர் என்னைச் சந்தேகப்படுவாரா? அவரிடம் வாயே திறக்கவில்லை.

மிஸ் லீவு போட்டுவிட்டு, யாரும் கவனிக்கக்கூடாது என்று சாதாரணச் சாறியில் வந்தா. ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதிக்கும் பிரிவின் வாசலில், வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பார்த்தால், எங்கள் தெருக்காரி ஒருத்தி எதிரே வாறா! கதவின் மேலிருந்த பலகையை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா.

“என்னகா, நீ ஏன் இங்க?”

நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

“எனக்குத்தான் டெஸ்ட். தனிய வரப் பயமாக் கிடந்திச்சு, இவளைத் துணைக்குக் கூட்டி வந்தன்” என்றா மிஸ், சிரித்தபடியே.

அவ போனதும் “ஏன் மிஸ்?” என்றேன். “நீ முதல்ல போய் ரத்தத்தைக் குடு” என்றா.

எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. மிஸ்ஸைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஆனால் அதற்குள் மிஸ்ஸுக்கு எச்.ஐ.வி. என்று ஊரில் கதை பரவிவிட்டது. அடுத்த கிளினிக்கில் ஒரு தாய், நிறை பார்க்கக் குழந்தையை மிஸ்ஸிடம் கொடுக்காமல் பின்வாங்கினா. “நானே தராசில வைக்கிறன்” என்றா. மிஸ் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டா.

எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் மாமி இருந்தும் எழும்பினேன்.

“அண்டைக்கு ஆஸ்பத்திரியில டெஸ்ட் மிஸ்ஸுக்கு இல்ல, எனக்கு. ஒண்டும் இல்லையெண்டு வந்திட்டு. இருந்திருந்தாலும், தொட்டாத் தூக்கினா அது தொத்தாது.”

மாமி என் கையைப் பிடித்து இருத்தினா. ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். “இவ்வளவையும் தனியவா வச்சிருந்தாய்?” என்று மட்டும் கேட்டா.

அந்தத் தாய் அன்றைக்குப் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அதற்கடுத்த முறைதான் கொடுத்தா. கணவரிடமும், மாமி கேட்ட அன்றைக்குத்தான் போனில் சொன்னேன். மிஸ்ஸோடு கதைத்து நன்றி சொல்ல வேணும் என்றார்.

ஊரில் நல்ல பெயர் எடுக்கத்தான் எல்லாரும் பாடுபடுகிறோம். முன்பின் பழகாத ஒருத்திக்காக அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் விட்டுக்கொடுக்கவும் ஒரு மனுஷி இருந்தா என்பதை நினைத்தால், இன்றைக்கும் என் மனம் கரைகிறது.