பின்னால் கட்டிய கைகள்

அன்று காலை என் போனில் நாச்சிமுத்து அண்ணனின் படம் வந்தபோது புது விளம்பரம் என்றுதான் நினைத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, பின்னால் கட்டிய கைகள். ஜவுளிக்கடைக்காரர் பண்டிகைக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டார் போல என்று அலுத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். ஓரமெல்லாம் கறுப்புக் கட்டம். கடையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவர் காலமாகிவிட்டார் என்றும், மதியத்துக்கு மேல் நல்லேப்பிள்ளி வீட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. நான் எடுத்த படத்திலேயே எனக்குச் சாவுச் செய்தி வந்தது.

உங்களில் பலர் அவரிடம் பேசியிருக்க மாட்டீர்கள். ஆனால் பார்த்திருப்பீர்கள். கேரள எல்லையான வாளையாரில் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் அந்த விளம்பரப் பலகை இருக்கிறது. வண்டி நகரும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கல்யாணப் படத்தில் கையைப் பின்னால் கட்டி, தாடையைக் கொஞ்சம் தூக்கி நின்ற நம் பக்கத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் அவரைப் பார்த்து நின்றவர்கள்தான். 'நாச்சிமுத்து போஸ்' என்று படம் எடுக்கிறவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள். அவர் ஏன் அப்படி நின்றார் என்று எவரும் கேட்டதில்லை. அவர் இருக்கும்போது நானும் வெளியில் சொன்னதில்லை.

நான் துணிக்கடைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் ஆடை விளம்பரப் படம் எடுப்பவள். ஒரு வேட்டி விளம்பரத்துக்குப் பின்னணி தேடித்தான் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போனோம். கூட்டிப்போயிருந்த மாடல் நல்ல உயரம், நல்ல நிறம், இடுப்பில் மட்டும் வேட்டி நிற்கவில்லை. நாலு ஊக்கு குத்தியும் நழுவியது. ஒரு மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்த தரகர் ஒருவர் திரும்பினார். அவர்தான் நாச்சிமுத்து அண்ணன்.

"ஏனுங்க அம்மிணி, அந்தத் தம்பி வேட்டியக் கட்டியிருக்காருங்களா, வேட்டி அவரைக் கட்டியிருக்குதுங்களா?"

சந்தையே சிரித்தது. கோபத்தை மறைக்க நான் கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். மாட்டின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, முறைக்கவும் இல்லாமல் சிரிக்கவும் இல்லாமல் நின்றார். அந்த ஒரு படத்தைக் கடைக்காரர் பார்த்ததோடு மாடலின் பிழைப்பு போயிற்று.

முதல் நாள் படப்பிடிப்பிலேயே தகராறு. ஒப்பனை செய்பவர் மீசைக்கு மை பூச வந்தார். அண்ணன் எழுந்துகொண்டார். "மாட்டுக்குப் பல்லப் பாத்து வயசு சொல்றவனுங்க நானு. எம் மீசைக்கே மை பூசிட்டு நின்னா நாளைக்குச் சந்தையில எவன் நம்புவான்?" கடைக்காரர் கெஞ்சினார். அண்ணன் நகரவில்லை. நரைத்த மீசையோடுதான் பலகை ஏறியது. பிறகு பார்த்தால், இருக்கிற கறுப்பு மீசையை நரைக்க வைக்க முடியுமா என்று கேட்டு ஆட்கள் சலூனுக்குப் போனார்கள். நம் தொழிலின் லட்சணம் அதுதான்.

அந்தக் கரைபோட்ட வேட்டி ஊரெல்லாம் விற்றபோதும் அவர் மட்டும் சந்தைக்குப் பழைய வேட்டியில்தான் வருவார். நான் கிண்டல் செய்தேன். "புது வேட்டி கட்டிட்டு வந்தா மாட்டுக்காரன் வெலைய ஏத்திச் சொல்லுவானுங்க. உங்களுக்குப் பகட்டு வேணும், எனக்கு அது ஆகாதுங்க" என்றார். ஆடையைப் பற்றி நான் கேட்ட கூட்டங்களில் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் அவரை ஆட்டிப் பார்த்த விஷயம்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு தரகர்கள் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த இருவருக்கு மட்டும்தான் விலை தெரியும். ஏன் இந்த ஒளிவுமறைவு என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"மாட்டை விக்க வாறவன் ஊட்டுல ஏதோ ஒரு கஷ்டமிருக்குதுங்க. வெலையச் சத்தம் போட்டுச் சொன்னா, எவ்வளவு எறங்கி வந்தான்னு சந்தைக்கே தெரிஞ்சுபோகும். அவன் கஷ்டத்தை மூடறதுக்குத்தானுங்க துண்டு."

கடைக்காரருக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. புதிதாக வரும் துண்டுக்கு அதையே வீடியோ விளம்பரமாக எடுக்க வேண்டும் என்றார். வீடியோ எடுக்க வேறு ஆட்கள் வந்திருந்தார்கள். நான் ஓரமாக என் படங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். நடிகர் ஒருவரோடு கை கோக்கச் சொன்னதற்கு அண்ணன் மறுத்துவிட்டார். சக தரகரும் பால்ய நண்பருமான ஆறுச்சாமியை அழைத்துக்கொண்டார். தன் தோளிலிருந்த தடித்த பழைய துண்டை எடுத்து விரித்தார். கடைக்காரர் ஓடிவந்து புதுத் துண்டை நீட்டினார். விற்கவேண்டியது அதுதானே.

அடுத்தவன் துண்டில் விலை பேசாதே என்பது தரகர்களின் பழக்கம். அண்ணன் ஒரு கணம் தயங்கினார். சம்பளம் கொடுக்கிற மனுசன் கெஞ்சுகிறாரே என்று வாங்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் கை கோத்துவிட்டால் பொய்யாக விரல் பிடிக்கத் தெரியாது. உண்மையாகவே ஒரு மாட்டுக்கு விலை பேசினார்கள்.

துண்டு மிக நயமான நெசவு. போர்த்தினால் பட்டுப்போல வழியும். ஆனால் சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. திரையில் பார்த்தபோது துண்டுக்குள் பத்து விரலும் நிழலாகத் தெரிந்தன. எந்த விரலை எப்போது மடக்குகிறார், எதை அழுத்துகிறார், எல்லாம். கடைக்காரரின் ஆட்கள் அதை அழகு என்று நினைத்து அப்படியே வெளியிட்டுவிட்டார்கள். படம் தீயாய்ப் பரவியது. எந்த விரலுக்கு எவ்வளவு என்று அம்புக்குறி போட்டு விளக்கியே சிலர் வீடியோ செய்தார்கள்.

அடுத்த சந்தைக்கு நான் போயிருந்தேன். அண்ணன் துண்டை விரித்துக் கையை நீட்டினார். எவரும் கை வைக்கவில்லை. ஒருவர் கயிற்றை முடிச்சுப் போடுவதுபோலக் குனிந்தார், ஒருவர் டீக்கடைப் பக்கம் நடந்தார். கடைசியில் அண்ணன் ஆறுச்சாமியிடமே போனார்.

"நாச்சி, என்ற கையும் அதுலதான் இருந்துச்சு. உன்னையக் குத்தம் சொல்லல. ஆனா பரஸ்யக்காரனோட துண்டுக்குள்ள கை வெச்சா ஊரே பாக்குதுன்னு இவங்க பயப்படறாங்கடா."

பரஸ்யம் என்றால் எங்கள் பக்கத்தில் விளம்பரம். முப்பது வருடச் சந்தையில் அண்ணனை யாரும் அப்படி அழைத்ததில்லை. பலகை இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. துண்டுக்குள் கை வராவிட்டால் அவர் தரகரே இல்லை. விரித்த துண்டோடு சந்தை கலையும்வரை நின்றார்.

கடைக்காரரிடம் சண்டை போட்டு அந்த வீடியோவை நீக்க வைத்தேன். அதற்குள் அது ஆயிரம் போன்களில் குடியேறிவிட்டது. அண்ணனிடம் சொன்னபோது, "கறந்த பாலு மடி ஏறுமுங்களா? உடுங்க அம்மிணி. யாரையும் வைய வேண்டாம். அடுத்தவன் துண்டுல கை வெச்சது நானுங்க" என்றார்.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மறுநாளிலிருந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த தரகர்களின் வீடு வீடாகப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. "கணக்கை மாத்திப் போட்டுட்டாப் போச்சு" என்று சொல்லப் போனார். எந்த விரலுக்கு எந்த விலை என்பதையே எல்லோரும் கூடிப்பேசிப் புதிதாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த சந்தையில் முதலில் கையை நீட்டியவர் ஆறுச்சாமி. அண்ணனின் பழைய துண்டு அந்தக் கைகளின் மேல் விழுந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மாட்டுக்காரர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

வீடியோ பார்த்துப் பழைய கணக்கைப் படித்துவிட்டு வந்த சில டவுன்காரர்கள் தாங்களே துண்டுக்குள் கை விட்டு, கிழட்டு மாட்டுக்கு இளம் மாட்டின் விலையைப் பிடித்துக் காட்டினார்களாம். "உங்க படத்தால நட்டமில்லீங்க. தப்பாப் படிச்சவங்க வந்து எங்களைச் சிரிக்க வெச்சுட்டுப் போறாங்க" என்றார் அண்ணன். புதுக் கணக்கை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பலமுறை கேட்டேன். என் கழுத்தில் தொங்கிய கேமராவைக் காட்டிச் சிரிப்பார். சொல்லவே மாட்டார்.

கடைக்காரரோடு அவர் பகை பாராட்டவில்லை. அடுத்த வருடமும் படத்துக்கு வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. "மூஞ்சி உங்குளுதாவே இருக்கட்டுமுங்க. கைய மட்டும் குடுக்க மாட்டனுங்க." இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் அப்படித்தான். கம்பீரம் என்று பத்திரிகைகள் எழுதின. மாப்பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். அவர் கம்பீரம் காட்டவில்லை. கையை ஒளித்துக்கொண்டிருந்தார்.

மதியம் நல்லேப்பிள்ளி போனேன். வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். அதன் பிறகு எந்தப் படத்திலும் நான் எடுக்க முடியாத கைகள் இப்போது நெஞ்சின்மேல் கிடந்தன. அவர் மனைவி சரசக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரஸ்யப் படத்தையே போட்டுட்டாங்க கண்ணு. எங்ககிட்ட வேற படமே இல்ல" என்று அழுதார்.

அப்போது சந்தைத் தரகர்கள் மொத்தமாக வந்தார்கள். ஆறுச்சாமி வீட்டுக்குள் போய் அந்தத் தடித்த பழைய துண்டை எடுத்துவந்து அண்ணனின் கைகள்மேல் விரித்தார். ஒவ்வொருவராகக் குனிந்து துண்டுக்குள் கை விட்டு, அவர் விரலைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். ஆறுச்சாமிதான் வெகுநேரம் பிடித்திருந்தார். வெளியே வந்தவரிடம் என்ன சொன்னீர்கள் என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"அதச் சொல்லக் கூடாதுங்க அம்மிணி" என்றார்.

எதையும் காட்டினால்தான் உண்டு என்று நம்புகிற தொழிலில் இருக்கிறேன். மூடவேண்டியதை மூடவும் ஒரு துணி வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை விடமாட்டேன்.

இன்னும் இரண்டு தரகர்கள் பாக்கி இருந்தார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது. என் தோள் பையில் கேமரா இருந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.