கேரவனுக்குப் பின்னால் எங்கள் கார்

என் வீட்டுக்காரர் காரைக்கால் எல்லைக்கு வெளியே டீசல் போடமாட்டார். நம் ஊரில் விலை குறைவாம். வெளியே போட்டால் கௌரவக் குறைச்சலாம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. டேங்க்கைக் காயவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

துபாய்க்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்தவர், பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கேரவனாக்கியிருந்தார். அதில்தான் கூத்தாநல்லூருக்குப் போனோம், என் மாமியாரின் அக்காவை அழைத்துவர. இடுப்பு எலும்பு முறிந்து தனியாகக் கிடந்தார் பெரியம்மா. நெடுநேரம் உட்கார முடியாது. “இனிமே லாத்தா என்கூடத்தான்” என்று அக்காவை நினைத்து மாமி தினமும் அழுவார். பெரியம்மாவோ, “ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடுவேன். யாருக்கும் பாரமா இருக்கமாட்டேன்” என்று ஒரே பிடி.

பெரியம்மாவின் தெருவுக்குள் கேரவன் நுழையாது. அதனால் எங்கள் சின்னக் காரை இரும்புக் கம்பியால் பின்னால் மாட்டி இழுத்துப் போனோம். தெருமுனையில் கழற்றி, முன்சீட்டைச் சாய்த்துப் பெரியம்மாவைக் கொண்டுவந்து, கேரவன் கட்டிலில் கிடத்தினோம். இரண்டே புடவை எடுத்து வந்திருந்தார். மாமியின் முகம் வாடிவிட்டது.

காரை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினோம். “என்னங்க, டீசல் முள்ளு கீழ கெடக்கு. இங்கயே போட்டுருங்க” என்றேன்.

“அட சும்மா இரு, எல்லை வந்தாச்சு.”

வந்தது. எல்லைப் பலகை கண்ணுக்குத் தெரிந்தபோது வண்டி நின்றது.

பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா, என்னாலதான் ஒங்களுக்கு இவ்வளவு தொந்தரவு. என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுருங்க.”

மாமி அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை என்ன செய்தால் தகும்!

அவர் காரைக் கழற்றி, கேனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கூப்பிடு தூரத்தில் பின்னாலேயே ஒரு பங்க் இருந்தது. அப்போதும் காரைக்கால் பக்கம்தான் போனார்! நான் கேரவன் அடுப்பில் டீ போட்டேன். டீ ஆறியும் ஆளைக் காணோம்.

ஒருவழியாகக் கேனோடு வந்து நின்றார். “நம்ம ஊரு டீசல்!” என்று சிரிப்பு வேறு.

“வர்ற வழியில ஜன்னல்ல ஒரு பங்க்கைப் பாத்தேனே. ஏன் இவ்வளவு நேரம்?” என்று பெரியம்மா என்னைக் கேட்டார். மறைக்கவில்லை. அவருடைய கொள்கையை அப்படியே போட்டு உடைத்தேன்.

பெரியம்மா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். அந்தக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ.

“ஏன்டா, ஒனக்குப் புத்தி இருக்கா? வயசான ரெண்டு பேரை வெயில்ல போட்டுட்டு விலை பாக்குறியா? இனிமே இந்த வண்டி எங்க கெளம்புனாலும், டேங்க் ரொம்பிருக்குன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வாசலைத் தாண்டணும். தெரியுதா?”

“சரி பெரியம்மா” என்றார், அடி வாங்கிய பிள்ளை மாதிரி.

மாமியின் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு டம்ளர்களைக் கழுவப் போனேன். ரெண்டு நாளில் போகிறவர் ‘இனிமே’ என்று சொல்லிவிட்டது பெரியம்மாவுக்கே இன்னும் தெரியவில்லை. நாங்களாக எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?