சர்மினியின் தொப்பி தொங்கிய லாரி

எங்கள் பக்கத்தில் சட்டம் இரண்டு. ஒன்று ஜகார்த்தாவில் எழுதியது. இன்னொன்று தொப்பி. காகித ஆலையின் கேட்டைத் தாண்டி என் லாரி ஆற்றுப் பாலத்துத் திருப்பத்தில் வேகம் குறையும்போது, யாருடைய மூங்கில் தொப்பி முதலில் என் பக்கக் கண்ணாடியில் தொங்குகிறதோ அவர் வாசலில்தான் அந்த லோடு கொட்டப்படும். மாட்டிய தொப்பியை இன்னொருவர் தொடக் கூடாது. முதல் சட்டத்தை மீறியவர்கள் நிறையப் பேர் காரில் போவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை மீறியவன் காஸ்தி ஒருவன்தான். அவனுக்கு முன்பல் இரண்டு கிடையாது.

உடைத்தவள் சர்மினி. அவள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டப் பார்த்தான் காஸ்தி. குப்பை வாரும் இரும்பு வாரியின் பிடியாலேயே வாயில் ஒரு போடு போட்டாள். ஊர்த்தலைவர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"பல்லு போனா என்ன ஐயா? மெல்ல முடியாது, அவ்வளவுதானே. கஞ்சி குடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்று கை தட்டியவன் அவள் தம்பி போனிரான்.

அவள் அப்படித்தான். புருஷன் சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தான். குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஒருநாள் இவள் திருப்பி அடித்தாள். மறுநாளே அவன் கலிமந்தானுக்குக் கப்பல் ஏறினான். "காட்டுல மரம் வெட்டுறானாம். மரம் திருப்பி அடிக்காதுல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வாசல் குப்பையிலேயே வளர்த்தாள். காகிதக் கட்டுகளை இறுக்கியிருக்கும் கம்பியை வெட்டினால் அது பாம்புபோலச் சீறி வரும். அப்படி ஒரு கம்பி கிழித்த தழும்பு அவள் புருவத்தில் உண்டு. "தள்ளி நின்னு வெட்டுலே. கண்ணு போச்சுன்னா கடையில கிடைக்காது" என்று அவனை அதட்டிக்கொண்டே இருப்பாள். அவனும் நாங்களும் அவளை யூ என்று கூப்பிடுவோம். அக்கா என்று அர்த்தம்.

மேலைநாட்டுக்காரன் 'பழைய காகிதம்' என்று எழுதித்தான் கப்பலில் அனுப்புவான். கட்டைப் பிரித்தால் பாதி அவன் வீட்டுக் குப்பை. ஆலை காகிதத்தைக் கூழாக்கிக்கொண்டு மீதியை என் லாரியில் ஏற்றிவிடும். பால் பை, ஷாம்பு புட்டி, குழந்தையின் மலத்துணி, பூனைக்குத் தீனி வந்த பாக்கெட். ஜனங்கள் அதை வாசலில் பரப்பிக் காயவைத்துப் பிரிப்பார்கள். நல்ல பிளாஸ்டிக் வியாபாரிக்கு, மட்டமானது டோஃபு செய்யும் அடுப்புக்கும் சூளைக்கும் எரிக்க. யாரும் வயலுக்குப் போவதில்லை. எனக்கு எப்போதும் இருமல். கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் நாக்கு மரத்துப்போகும். ஆனாலும் வீட்டுக்கு வீடு ஓடு போட்டிருந்தார்கள், மோட்டார் சைக்கிள் நின்றது. குப்பை இல்லாமல் அதெல்லாம் வந்திருக்காது.

ஊர் இரண்டாகக் கிடக்கும். பாலத்துக்கு வடக்கே லோர், தெற்கே கிதுல். சர்மினி லோர்க்காரி. போனிரான் கிதுலில் வார்தினி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டோடு போய்விட்டான். போகும் அன்றைக்குச் சர்மினி தன் இரண்டாவது வாரியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் அழுதாள். அவள் அழுததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. கப்பல் ஏற்றும் துறைமுகத்திலேயே ஆள் நின்று கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காகிதம் அல்லாதது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் ஏற்றக் கூடாது. ஏமாற்றி ஏற்றிவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். சுரபாயா துறைமுகத்தில் திரும்பிப் போகும் கன்டெய்னர்கள் மலைமலையாக நின்றதைக் கண்ணால் பார்த்தேன். நல்ல சட்டம்தான், நான் மறுக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து எங்கள் பாலத்தில் நின்று கை தட்டினார்கள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கே அடுப்பு எதை வைத்து எரியும் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆலையிலிருந்து வெளியே வரும் லோடு குறைந்தது. ஒரு நாளைக்குப் பத்து லாரி வந்த பாலத்தில் ஒன்று வந்தால் அதிசயம். லோர்க்காரர்கள் கிதுல்காரர்களைத் திருடன் என்றார்கள். கிதுல்காரர்கள் லோரின் காய்ந்த குவியலுக்குத் தீ வைத்தார்கள். லோரிலிருந்து போய்க் கிதுல்காரன் ஒருவனின் கையை வெட்டிவிட்டு வந்தார்கள். என் முன்கண்ணாடி இரண்டு தடவை நொறுங்கியது. நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு லாரி ஓட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவன் தலையில் கல் விழட்டும், தெரியும்.

தீ வைத்த மறுவாரம் சந்தையில் சர்மினி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் புகையிலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

"எங்க குவியலுக்குத் தீ வச்சப்ப நீ எங்கலே இருந்தே?"

"வச்சது நான் இல்ல யூ."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எங்க இருந்தே?"

"அங்கதான் நின்னேன்."

பளாரென்று ஓர் அறை. சந்தையே திரும்பிப் பார்த்தது. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு அசையாமல் நின்றான். அவளே போய் ஓர் இலைப் பொட்டலம் தெம்பே சோயாக்கட்டி வாங்கி வந்து அவன் கையில் திணித்தாள்.

"வார்தினிக்குக் கொடு. வாயும் வயிறுமா இருக்கிறவ, நல்லா தின்னட்டும். நீ மட்டும் பாலத்துப் பக்கம் வந்துடாதே. அங்க கையில வாரி இருக்கும்போது எனக்குத் தம்பியும் தெரியாது, தகப்பனும் தெரியாது. உன்மேல பட்டுச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்லே."

"பொறக்கப் போற புள்ளைக்கு யார் சோறு போடுவா? வராம எப்படி யூ?"

"பட்டினி கிட. நான் கொண்டாந்து கொட்டுறேன்."

அவள் எங்கிருந்து கொண்டுவந்து கொட்டுவாள்? அவள் வாசலே துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது.

அடுத்த மாதம் வெளியே வரும் லோடு அடியோடு நின்றது. ஒரு வதந்தி கிளம்பியது. ஆலைக்காரன் குப்பையை ஒளிக்கிறான், துறைமுகத்திலிருந்து நேரே சூளைக்கு அனுப்புகிறான், உள்ளே வரும் லாரியை மறித்தால் கிடைக்கும் என்று. யார் கிளப்பினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. பசித்த வயிறு எதையும் நம்பும்.

வெளி லோடு நின்றபின் எனக்கும் உள்ளே வரும் லோடுதான். அன்று, கப்பல் ஏறிய இடத்திலேயே பிரித்துப் பார்த்து முத்திரை போட்ட கட்டுகளைச் சுரபாயாவில் ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். பாலத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். நிறுத்தினேன். வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம், கையில் அரிவாளும் வாரியும். சர்மினி ஓடிவந்து படியில் ஏறி என் கண்ணாடியில் தொப்பியை மாட்டினாள்.

"மாட்டியாச்சு! லாரி லோரோடது! ஜுமாதி அண்ணே, நம்ம வாசலுக்கு விடு!"

"யூ, இது உள்ள போற லாரி. சோதனை போட்டு அனுப்பினது. வெறும் காகிதம்!"

"ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு நீ சொல்லாத பொய்யா? விடுயா வண்டிய!"

அது உண்மைதான். லோடு விஷயத்தில் டிரைவர் சொல்வதை எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு காகிதம், காகிதம் என்று கத்தினேன். அதற்குள் தெற்கிலிருந்து கல் பறந்தது. பிறகு இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. காஸ்தியின் தோளில் அரிவாள் இறங்கியதைப் பார்த்தேன். ஒரு கிழவனைத் தூக்கி ஆற்றுச் சரிவில் எறிந்தார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து இன்னொருத்தியின் தலைமுடியைப் பிடித்துப் பாலத்துச் சுவரில் மோதினார்கள். நேற்றுவரை ஒரே கடையில் காபி குடித்தவர்கள்.

பின்பக்கக் கண்ணாடியில் போனிரான் தெரிந்தான். அவன் யாரையும் அடிக்கவில்லை. வால்பக்கமாக ஏறித் தார்ப்பாயைக் கிழித்தான். ஒரு கட்டுக்குள் தோள்வரை கையை விட்டு இழுத்துப் பார்த்தான். அடுத்த கட்டு. அதற்கடுத்தது. பிறகு என் தலைக்கு மேலே தடதடவென்று ஓடி முன்னால் பானெட்மேல் குதித்தான். கண்ணாடியில் தொங்கிய தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து வாயைத் திறந்தான். குப்பை இல்லாத லாரிக்குத் தொப்பி எதற்கு, சண்டையை விடுங்கள் என்றுதான் சொல்ல வந்தான். அவன் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே முன்கண்ணாடி மட்டும்தான் இருந்தது. எனக்குப் புரிந்தது.

கீழே நின்ற சர்மினி பார்த்தது, தன் தொப்பி ஒரு கிதுல்காரன் கையில் இருப்பதை மட்டும். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாரியைச் சுழற்றினாள். இந்தத் தடவை பிடி அல்ல, இரும்புப் பல். அது அவன் கழுத்தில் ஏறி நின்றது. என் முன்கண்ணாடி முழுக்கச் சிவந்துவிட்டது.

அவன் சறுக்கிக் கீழே விழுந்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யூ... காகிதம்" என்றான். "வெறும்..."

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் கதவைத் திறந்து குதித்து என் சட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் அழுத்தினேன். முன்னால் கல், பின்னால் கூட்டம், லாரியைத் திருப்ப வழியில்லை. "கல்லை நகர்த்துங்கடா பாவிகளா!" என்று அலறினேன். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள்.

சர்மினி அவனிடம் வரவில்லை. யாருடைய அரிவாளையோ பிடுங்கிக்கொண்டு லாரிமேல் ஏறினாள். முதல் கட்டின் கம்பியை வெட்டினாள். தள்ளி நிற்கவில்லை. கம்பி சீறி வந்து அவள் கன்னத்தைக் கிழித்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அட்டைகள் சரிந்து பாலத்தில் கொட்டின. சுத்தமான பழுப்பு அட்டை. அடுத்த கட்டு. அதிலும் அட்டை. கையால் கிழித்தாள், பல்லால் இழுத்தாள்.

"ரெண்டு இருக்கணும்ல!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். "நூத்துக்கு ரெண்டு இருக்கலாம்னு அவனுங்களே எழுதியிருக்கானுங்கல்ல! அந்த ரெண்டு எங்கடா? ஒரு மூடியாவது இருக்காதா? ஒரு பையாவது இருக்காதா?"

தெற்கிலிருந்து வார்தினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவனைச் சுற்றிக் கிடந்த அட்டைகள் ஊறிக் கறுத்துப்போயின. கல்லை நகர்த்தி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நான் சட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

அப்போது சர்மினி லாரியிலிருந்து இறங்கி வந்தாள். கன்னத்திலிருந்து வழிந்த இரத்தம் மார்பெல்லாம் நனைத்திருந்தது. ஏதோ ஒரு பெட்டியின் வாயை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் டேப், விரல் நீளத் துண்டு, அவள் கையில் இருந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் ஒரு கை இன்னும் தொப்பியைப் பிடித்திருந்தது. மற்றக் கையை விரித்து அந்த டேப்பை உள்ளங்கையில் வைத்தாள்.

"பார்லே. இருக்கு பார். வெறும் காகிதம் இல்ல. இருக்கு."

வார்தினி அந்தக் கையைப் பிடுங்கி, ஒட்டியிருந்த டேப்பை உரித்து ஆற்றில் எறிந்தாள்.